ஆங்கிலக் கேரலின் பூர்வீகம் தேடுவோர் செய்யும் தவறுகள்

பாட்டுப் புத்தகத்தில் ஒரு கேரலுக்கு, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டுக்கு, கீழே 'மரபுப் பாடல்' என்று போட்டிருந்தால், தேடலை அங்கேயே முடித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல் வரிகளைக் குறிக்கிறதா, மெட்டைக் குறிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பிழைகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பதில்தான் தொடங்குகின்றன. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று போடுவார்களே, அப்படி இரவல் மெட்டில் பாடும் வழக்கம் இங்கிலாந்திலும் உண்டு.

'குட் கிங் வென்சஸ்லாஸ்' இதற்கு நல்ல பாடம். பத்தாம் நூற்றாண்டில் பொஹீமியாவை (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ஆண்ட கோமகனைப் பற்றியது என்பதால் பாட்டையும் இடைக்காலத்தது என்று எழுதிவிடுகிறார்கள். கதையின் வயது பாட்டின் வயதாகாது. வரிகளை ஆங்கிலப் பாதிரியார் ஜான் மேசன் நீல் 1853-ல் வெளியிட்டார். மெட்டு வரிகளைவிடக் குறைந்தது 271 ஆண்டு மூத்தது. ஆனால் ஆங்கில மெட்டு அல்ல. 1582-ல் கிரைஃப்ஸ்வால்டில் அச்சான 'பியே கான்ஷியோனெஸ்' என்ற லத்தீன் பாட்டுத் தொகுப்பில் இருக்கிறது. அங்கே அது பூக்காலம் வந்ததைக் கொண்டாடும் வசந்தப் பாட்டு. பனியும் இல்லை, அரசனும் இல்லை. ஸ்வீடனில் பிரிட்டிஷ் தூதராக இருந்த கார்டன் வழியாக அந்த அரிய புத்தகம் நீலின் கைக்கு வந்தது. இந்த வழித்தடத்தை விட்டுவிட்டால் மெட்டு இங்கிலாந்துக்கு வந்த விதமே புரியாது.

முதல் வரியை மட்டும் வைத்துத் தேடுவதும் ஆபத்து. 'ஹார்க் த ஹெரால்டு ஏஞ்சல்ஸ் சிங்' என்று தேடினால் 1753-ல் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு திருத்திய வடிவத்தோடு நின்றுவிடுவீர்கள். சார்லஸ் வெஸ்லி 1739-ல் எழுதியபோது தேவதூதர்கள் முதல் வரியில் இல்லை. வானத்தைக் குறிக்கும் 'வெல்கின்' என்ற பழஞ்சொல்தான் இருந்தது. மெட்டோ, அச்சுக்கலையின் 400-ஆம் ஆண்டு விழாவுக்காக 1840-ல் மெண்டல்சன் இசைத்தது. இரண்டையும் 1855-ல் இணைத்தவர் வில்லியம் கம்மிங்ஸ். ஆக, பழைய தொகுப்புகளில் துழாவும்போது இரண்டாம், மூன்றாம் வரிகளையும் கையில் வைத்திருங்கள்.

மெட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. துதிப்பாடல் புத்தகங்களில் பாட்டின் மேலேயோ கீழேயோ அச்சிட்டிருப்பார்கள். பக்கத்திலேயே, ஒவ்வொரு வரியிலும் எத்தனை அசை என்று சொல்லும் 8.6.8.6 போன்ற அசைக் கணக்கும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்குள்ள எந்த வரிகளும் எந்த மெட்டிலும் உட்காரும் என்பதால் ஜோடிகள் மாறிக்கொண்டே இருக்கும். நஹும் டேட்டின் 'வைல் ஷெப்பர்ட்ஸ் வாட்ச்ட்' 1700-ல் அச்சானது. இன்று அதோடு வரும் 'வின்செஸ்டர் ஓல்டு' 1592-ஆம் ஆண்டில் வந்த, விவிலியத்தின் சங்கீதப் பாக்களுக்கான மெட்டுத் தொகுப்பில் உள்ளது. யார்க்‌ஷயரில் வேறு மெட்டுகளிலும் பாடுகிறார்கள்.

நாட்டார் மெட்டைச் சேகரித்த ஆண்டு அது பிறந்த ஆண்டல்ல. 'ஃபாரஸ்ட் கிரீன்' மெட்டை ஆங்கில இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் 1903-ல் சர்ரே கிராமம் ஒன்றில், உழவுக்காரப் பையனின் கனவைப் பற்றிய பாட்டாகக் கேட்டு எழுதிக்கொண்டார். 1906-ல் அதை 'ஓ லிட்டில் டவுன் ஆஃப் பெத்லஹேம்' வரிகளோடு சேர்த்தார். வரிகள் அமெரிக்கரான பிலிப்ஸ் புரூக்ஸ் 1868-ல் எழுதியவை. அமெரிக்காவில் லூயிஸ் ரெட்னரின் மெட்டுதான் பரவலானது. எந்த ஊர்ப் பாடகர் பாடுகிறார் என்று கேட்காமல் 'இதுதான் அசல் மெட்டு' என்று எழுதக் கூடாது.

கடைசியாக, கையெழுத்துப் பிரதிகள். 'கவென்ட்ரி கேரல்' இடம்பெறும் நாடகத்தை ராபர்ட் குரூ 1534-ல் திருத்தி எழுதினார். அது திருத்திய ஆண்டுதான், பாட்டு பிறந்த ஆண்டல்ல. நாடகத்தின் கையெழுத்துப் பிரதியில் இசை 1591-ல் சேர்ந்தது. அந்தப் பிரதி 1879-ல் பர்மிங்ஹாம் நூலகத் தீயில் எரிந்துபோயிற்று. நம்மிடம் இருப்பது தாமஸ் ஷார்ப் 1825-ல் அச்சிட்ட வடிவம். ஆகவே ஒரு சுரம் இடறினால் அது பழைய இசையின் வழக்கா, அச்சுப் பிழையா என்று மூலத்தோடு ஒப்பிட வழியில்லை. குறிப்பு எழுதும்போது '1591 பிரதியின்படி' என்று போடாமல், '1825 பதிப்பின்படி' என்றே போடுங்கள்.