மேசைக் கணினி இயங்குகிறது, மானிட்டரில் படம் வரவில்லை: எங்கிருந்து தேடுவது?

சிபியு பெட்டியின் மின்விசிறி சுற்றுகிறது, முன்பக்க விளக்கும் எரிகிறது, ஆனால் மானிட்டர் இருண்டே கிடக்கிறது என்றால், திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிய கார்டின் விலையை விசாரிக்கத் தொடங்குவது பலருடைய வழக்கம். பெரும்பாலும் அது அவசர முடிவு. கணினி உள்ளே முறையாகத் தொடங்கிவிட்டுப் படத்தை மட்டும் காட்டாமல் இருக்கிறதா, அல்லது தொடங்கவே இல்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இவ்விரண்டுக்கும் தேட வேண்டிய இடமும் வேறு, ஆகும் செலவும் வேறு.

இதை அறிய எளிய வழி விசைப்பலகையில் இருக்கிறது. கணினியை இயக்கி இரண்டு நிமிடம் பொறுத்து, நம்லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு ஒவ்வொரு முறையும் மாறி மாறி எரிந்து அணைந்தால் மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) தன் தொடக்கச் சோதனையைக் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். விண்டோசின் தொடக்க ஒலி கேட்டால் ஐயமே இல்லை. விளக்கு அசையாமல் நின்றால் கணினி தொடக்கத்திலேயே சிக்கி நிற்கிறது என்று கருதி, சிபியுவைத் திறக்க ஆயத்தமாகலாம்.

கணினி ஓடுகிறது என்று தெரிந்தால் மானிட்டரையும் கேபிளையும் பார்க்க வேண்டும். மானிட்டரின் சொந்த மெனு திரையில் தெரிகிறதா, அதில் கேபிள் செருகியிருக்கும் அதே உள்ளீடு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மெனுவும் தெரியவில்லை என்றால் அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கைத் திரையின் மேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பழுது மானிட்டரின் பின்னொளியில் இருக்கிறது, சிபியுவில் கைவைக்கத் தேவையில்லை. பழைய விஜிஏ மானிட்டரைப் புதிய கணினியின் எச்.டி.எம்.ஐ. முனையோடு இணைப்பவர்கள் இடையில் இருக்கும் கன்வெர்ட்டரையும் ஐயப்பட வேண்டும். அதற்குள் ஒரு மின்னணுச் சுற்று இருப்பதால் கேபிளை விட அதுவே முதலில் பழுதாகக்கூடும்.

கேபிளை எந்த முனையில் செருகியிருக்கிறோம் என்பதும் முக்கியம். யுஎஸ்பி, ஒலி முனைகளோடு சேர்ந்திருப்பது மதர்போர்டின் படமுனை. அதற்குக் கீழே தனியாக இருப்பது கிராபிக்ஸ் கார்டின் முனை. கார்டு இருக்கும்போது பல மதர்போர்டுகள் தம் முனையைத் தாமாகவே அணைத்துவிடும். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு முனையில் சோதிக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஐ5-12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் மதர்போர்டு முனையிலிருந்து படம் ஒருபோதும் வராது. அந்தச் சோதனையை நம்பி மதர்போர்டைக் குறைசொன்னால் நல்ல போர்டு குப்பைக்குப் போகும்.

தொடக்க முத்திரை தெரிந்து விண்டோஸ் வரும்போது மட்டும் திரை இருண்டால் அது டிரைவர் (கிராபிக்ஸை விண்டோசோடு இணைக்கும் மென்பொருள்) கோளாறாக இருக்கலாம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளோடு பி (B) விசையைச் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் தொடங்கும் நிலை) நுழைந்து டிரைவரை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும்.

இனி, கணினி தொடங்கவே இல்லை என்னும் நிலை. குமரி மாவட்டத்தில் இதற்கு நான் முதலில் ஐயப்படுவது ஈரத்தையும் உப்பையும்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கரையோர ஊர்களில் சன்னல் வழியே வரும் காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. கணினியின் தற்காலிக நினைவகமான ராமின் விளிம்பில் உள்ள தொடுபட்டைகளும் அவை செருகும் துளையின் ஊசிகளும் மங்கி, தொடர்பு விட்டுவிட்டு வரத் தொடங்கும். பல நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்த கணினி மழைக்காலத்தில் திடீரென்று படம் காட்ட மறுத்தால் முதலில் கழற்ற வேண்டியது ராம்தான்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றி, கேபினெட்டின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். ராமை வெளியே எடுத்து, துளையிலிருந்து தள்ளிவைத்து, மென்மையான வெள்ளை அழிரப்பரால் தொடுபட்டைகளை இலேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பொன்முலாம் மிக மெல்லியது என்பதால் பளபளப்பு வரும்வரை தேய்க்கத் தேவையில்லை. துளையை வாயால் ஊதக் கூடாது; மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கும். துளையில் எறும்பும் அதன் முட்டையும் இருந்தாலும் வியப்பில்லை, மெல்லிய தூரிகையால் எடுத்துவிடலாம். பிறகு ஒரே ஒரு ராமை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதாக வரும் துளையில், இருபுறமும் கிளிக் என்று பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள். நான்கு துளை உள்ள பெரும்பாலான போர்டுகளில் ஒற்றை ராமுக்கு உரிய இடம் அதுதான். கிராபிக்ஸ் கார்டையும் இவ்வாறே கழற்றித் துடைத்துச் செருகலாம்.

ராமை மாற்றிய பிறகு படம் உடனே வரவில்லை என்று பதற வேண்டாம். டிடிஆர்5 என்னும் புதிய வகை ராம் கொண்ட கணினிகள் முதல் தொடக்கத்தில் ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். நடுவில் அணைத்தால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மதர்போர்டின் ஓரத்தில் சிபியு (இங்கே பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். பழைய போர்டுகளில் பீப் ஒலி இதே வேலையைச் செய்யும். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் பல பயாஸ்களில் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) கிராபிக்ஸ் கோளாற்றைக் குறிக்கும். அடுத்து, சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றிவைத்து பயாஸ் அமைப்புகளை அழித்துப் பாருங்கள்.

மின்சாரத்தில் இரண்டு இணைப்புகள் அடிக்கடி மறந்துபோகும். பெரிய 24 முள் இணைப்போடு, பிராசசர் அருகே 4 அல்லது 8 முள் இணைப்பும் தனியாகச் செருக வேண்டும். அது இல்லாமலும் மின்விசிறி சுற்றும், படம் மட்டும் வராது. கிராபிக்ஸ் கார்டுக்குத் துளை வழியே அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும், அதற்கு மேல் தேவைப்படும் கார்டின் தலையில் தனி மின்னிணைப்பு இருக்கும். மல்டிமீட்டர் கையில் இருந்தால் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையும் வருகிறதா என்று அளக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட்டாகக் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும். பல்லி செத்துக் கிடந்தாலும் அதை எடுப்பது கடைக்காரரின் வேலை.

இடிமழைக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் வேறு கணக்கு. மின்கம்பியைப் பிடுங்கியிருந்தும் இணையக் கேபிளைச் செருகியபடியே விட்டிருந்தால் அதன் வழியாகவும் மிகை மின்னழுத்தம் உள்ளே வரலாம். சில வேளை எச்.டி.எம்.ஐ. முனை மட்டும் கருகியிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட், விஜிஏ என்று இருக்கும் மற்ற முனைகளையும் சோதித்துவிட்டே கார்டைக் கைவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் கூசுகிறது என்றால் வீட்டு எர்த் இணைப்பைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இருட்டுதான் என்றால், பிராசசர், ஒரு ராம், படம் தரும் ஒரே வழி ஆகியவற்றை மட்டும் வைத்து, மற்ற டிஸ்க், யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இயக்குங்கள். படம் வந்தால் ஒவ்வொன்றாகச் செருகிக் குற்றவாளியைப் பிடிக்கலாம். வராவிட்டால் நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ கொண்டுபோக வேண்டியதுதான். எந்த விளக்கு எரிந்தது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வேறு எஸ்.எம்.பி.எஸ்., வேறு கார்டு வைத்து உங்கள் எதிரிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். கனமான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதைக் கழற்றித் தனியே பொதிந்து எடுத்துச் செல்லுங்கள். நம் சாலைகளின் குலுக்கலில் அதன் பாரமே மதர்போர்டின் துளையை உடைத்துவிடக்கூடும்.