நகோயா நோரிடாக்கே தோட்டம்: பீங்கான் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானின் நகோயாவில் 1904இல் நோரிடாக்கே பீங்கான் ஆலை தொடங்கிய இடம் இன்று ஒரு பூங்கா. பழைய செங்கல் கட்டடமும், பெரிய சூளைகளின் ஆறு புகைபோக்கிகளின் அடிப்பகுதிகளும் அங்கேயே நிற்கின்றன. ஹிகாஷியாமா சுரங்க ரயிலில் கமேஜிமா நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. நகோயா நிலையத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் கைவினை மையத்துக்கு மட்டும் டிக்கெட். திங்கட்கிழமை மையம் மூடியிருக்கும். அன்று அரசு விடுமுறை என்றால் மையம் திறந்திருக்கும், மறுநாள் மூடுவார்கள்.

மையத்தின் முதல் இரண்டு தளங்களில் செய்முறை, மேல் இரண்டில் அருங்காட்சியகம். கீழே அவசரப்படாதீர்கள். பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவார்கள், அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படியும், மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். டீபாட் உள்ளே வெற்றிடம் வருவது இப்படித்தான். போன் சைனா என்ற பீங்கான் வகையின் மண்ணில் ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல். சாதாரண பீங்கானுக்கு, மண்ணை முதலில் சுடும் சூடு குறைவு, கண்ணாடிபோன்ற மெருகைப் பூசிச் சுடும் சூடு அதிகம். போன் சைனாவுக்கு நேரெதிர். முதல் சூட்டிலேயே மண் இறுகிவிடுவதால் மெருகு எளிதில் ஒட்டாது. அந்த வேலை தனிக் கலை.

தட்டில் வண்ணம் தீட்டும் ஆசை இருந்தால் காலையிலேயே பதிவு செய்யுங்கள். மையம் மூடுவதற்கு முன்பே அந்தப் பதிவை நிறுத்திவிடுவார்கள். தீட்டியதை அன்றே கையில் தரமாட்டார்கள், சூளையில் சுட வேண்டும். எனவே தூரிகையைத் தொடுமுன் உங்கள் ஊருக்கு அனுப்புவார்களா, அனுப்பக் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது. தட்டை விளிம்பில் பிடியுங்கள். தடித்துப் பூசினால் சூட்டில் கொப்பளித்து உரியும். மெல்லிய பூச்சே போதும். தவறினால் காயுமுன் ஈரத்தாளால் துடையுங்கள்.

மேல் தளத்தில் தேட வேண்டியது, 1914இல் முடித்த முதல் டின்னர் செட். 25 சென்டிமீட்டர் தட்டு வளையாமல் தட்டையாக வர ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். அருகே பழைய குவளைகளில் விரலால் தடவத் தோன்றும் புடைப்புப் புள்ளிகள் இருக்கும்: குழைத்த மண்ணை, கேக்கில் கிரீம் பிழிவதுபோல, ஒவ்வொன்றாகப் பிழிந்து வைத்தவை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் அவற்றின் உயரம் தெரியும்.

பின்புற முத்திரைகளையும் விடாதீர்கள். அமெரிக்கா போன சரக்கில் 1921 வரை 'நிப்பான்' (ஜப்பானை ஜப்பானியர் அழைக்கும் பெயர்), பிறகு 'ஜப்பான்'. இரண்டாம் உலகப் போர் முடிந்த புதிதில் தரம் போதாது என்று சொந்தப் பெயரையே தவிர்த்து 'ரோஸ் சைனா' என்று குத்தினார்கள். வீட்டில் நோரிடாக்கே தட்டு இருந்தால் கவிழ்த்துப் படமெடுத்துப் போங்கள், அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலங்கையில் வாங்கியதென்றால் அது மாத்தளை ஆலையில் செய்ததாகவும் இருக்கலாம்.