விதையிலிருந்து பிளாஸ்ஃபெல்டியா: எங்கெங்கே சொதப்பும்?

உலகிலேயே மிகச் சிறிய கள்ளி என்று சொல்லப்படும் பிளாஸ்ஃபெல்டியா லிலிபுட்டானாவை விதை போட்டு வளர்க்க முயல்பவர்கள் பலர் முதல் விதைத்தட்டையே பறிகொடுத்துவிடுகிறார்கள். அக்கறை இல்லாமல் இல்லை. கள்ளி என்றாலே வெயில், வறட்சி, மணல் என்று மனதில் ஊறிப்போன கணக்குதான் காலை வாரிவிடுகிறது.

இந்தச் செடியின் சொந்த ஊர் ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகள். பொலிவியாவிலும் அர்ஜென்டினாவிலும் இருக்கிறது. 1936இல் ஹாரி பிளாஸ்ஃபெல்ட் இதை வடக்கு அர்ஜென்டினாவில் கண்டெடுத்தார். மறு ஆண்டு ஜெர்மன் தாவரவியலாளர் வெர்டர்மான் பெயரிட்டு விவரித்தார். செங்குத்தான பாறைகளின் வெடிப்பில், பெரும்பாலும் நிழலில், பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டு வளரும். முள் கிடையாது. சாம்பல் பூத்த பச்சை உடம்பில் வெள்ளைப் பஞ்சுப் பொட்டுகள் மட்டும். ஒரு தலை ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டுவதே அபூர்வம். வறண்ட மாதங்களில் தண்ணீரை இழந்து தட்டையாகிப் பாறையோடு பாறையாகிவிடும்; மழை வந்ததும் மறுபடி உப்பிக்கொள்ளும். ஆனால் அந்தத் திறமை வளர்ந்த செடிக்குத்தான். முளைத்த குஞ்சுக்குத் தேவை ஈரமும் மிதமான வெளிச்சமும்.

விதை வாங்குவதிலேயே முதல் சறுக்கல். நீலக் கள்ளி, வானவில் கள்ளி என்று படம் போட்டு விற்கும் போலிப் பாக்கெட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அப்படித்தான் சொல்கிறது. அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பிளாஸ்ஃபெல்டியா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பூத்த செடி ஒன்றே ஒன்று வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் போதும், புது விதைக்குப் பஞ்சமில்லை.

விதை கைக்கு வந்ததும் அதை மண்ணால் மூடுவதுதான் அடுத்த தவறு. மூக்குப்பொடி மாதிரி இருக்கும் விதை அது. ஒரு மில்லிமீட்டர் மண் மேலே விழுந்தாலும் முளை வெளியே வராது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கவே செய்யும். மடித்த வெள்ளைத் தாளில் கொட்டி, காய்ந்த நைஸ் மணல் ஒரு சிட்டிகை கலந்து, தாளை மெல்லத் தட்டித் தட்டித் தூவுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவது நல்லது.

மண் விஷயத்தில் தாராளம் கூடாது. மண்புழு உரம், கோகோபீட் என்று சத்தாகச் சேர்க்கச் சேர்க்கப் பூஞ்சைக்குத்தான் விருந்து. கழுவிச் சலித்த ஆற்று மணல், பியூமிஸ் அல்லது பெர்லைட் (இரண்டுமே துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல் வகை), கொஞ்சம் செங்கல் தூள், இது போதும். எம்-சாண்டை அப்படியே போட்டால் அதிலுள்ள கல்தூசு இறுகிவிடும், அலசியே பயன்படுத்த வேண்டும். கலவையை ஈரப்படுத்தி இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வைத்து, மூடியைத் திறக்காமலே ஆறவிடுங்கள். தொட்டியையும் வெந்நீரில் கழுவ வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கென்றால், பாசிக்காகத்தான். இந்த விதைக்கு எமன் அதுதான். முளைத்த குஞ்சு அரை மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. மாதக்கணக்கில் அதே அளவில் நிற்கும். பாசிக்கு ஒரு வாரம் போதும், தட்டு முழுக்க மெழுகிவிடும். காட்டில் பாசியோடுதானே வாழ்கிறது என்று கேட்கலாம். அங்கே உதிரும் எண்ணற்ற விதைகளில் ஒன்றிரண்டு பிழைத்தால் கதை நடந்துவிடும். நம் கையில் இருப்பதோ ஒரு சிட்டிகை.

குழாய்த் தண்ணீரைத் தெளிப்பது பாசியை நாமே அழைத்து வருவது போல. போர்வெல் தண்ணீர் என்றால் உப்பும் சேர்ந்து மேலே வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ, எதுவானாலும் காய்ச்சி ஆறவைத்து, தொட்டியின் அடி வழியாக உறிஞ்சவிடுங்கள். அப்புறம்தான் விதை. விதைத்த கையோடு தொட்டியை ஜிப் கவரில் வைத்து மூடிவிட வேண்டும். கவரின் உள்பக்கம் துளித்துளியாக வேர்த்திருந்தால் எல்லாம் சரி. அடியில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. முளைத்துவிட்டதா என்று தினம் ஒருமுறை திறந்து பார்ப்பவர்களுக்குப் பாசியும், பொடி ஈக்களின் புழுவும் நிச்சயம்.

சந்தேகம் வருவது இயல்பு. ஒரு கைப்பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், கவர் வழியாகவே பார்க்கலாம். பாசி மணல் துகள்களின் மேல் ஏடாகப் படர்ந்து, ஓரம் கலைந்து தெரியும். முளை தனித்தனி உருண்டை; பளபளப்பாக இருக்கும், பக்கத்திலேயே விதையின் பழுப்புத் தோல் கிடக்கும். இரட்டை இலையைத் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வராது. பாசி ஓரிடத்தில் தலைகாட்டினால், ஊசி முனையால் அந்த மணல் துகள்களோடு சேர்த்து அள்ளி எறிந்துவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்.

மூடிய கவரை நேர்வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். பகல் முழுக்க வெளிச்சம் மட்டும் வரும் ஜன்னலோரம், அல்லது எல்ஈடி விளக்கின் கீழ் 12 முதல் 14 மணி நேரம். 20 முதல் 28 டிகிரி வெப்பம் இதற்குச் சுகம். குஞ்சுகள் சிவந்தால் வெளிச்சம் அதிகம், நெட்டையாகச் சாய்ந்தால் போதவில்லை.

கவரை எப்போது திறப்பது? அவசரமே வேண்டாம். ஆறு மாதம், ஒரு வருடம்கூட மூடியே இருக்கலாம். திறக்கும்போதும் ஒரேயடியாகத் திறக்காமல் முதலில் ஊசித் துளைகள், சில வாரம் கழித்துப் பாதி ஜிப், பிறகு முழுசாக. அக்னி நட்சத்திரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்று தோதாக இருக்கும். கூட்டமாக நிற்கிறதே என்று பிரித்து நடுவதும் அப்படித்தான். நெருக்கமாக இருந்தால்தான் இவை நன்றாக வருகின்றன. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆகும்வரை கை வைக்காதீர்கள்.

பொறுமை இல்லாதவர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள். பெரெஸ்கியோப்சிஸ் என்ற இலையுள்ள கள்ளியின் குச்சியிலோ டிராகன் பழத் தண்டிலோ குஞ்சை ஒட்டினால் சீக்கிரமே குண்டாகி, பல தலை விட்டுக் குவியலாகிவிடும். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாக் குஞ்சையும் ஒட்டிவிட்டு, பாறையிடுக்கில் பதிந்திருக்கும் அந்தத் தட்டையான உருவத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இரண்டு மூன்றை மட்டும் ஒட்டி வையுங்கள். மற்றவை போனாலும் இனம் கைவிட்டுப் போகாது, பூத்தால் விதையும் கிடைக்கும்.

சொந்த வேரில் வளர்ந்த செடி கோடையில் சுருங்கித் தட்டையாகும்போது பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள் சிலர். தேங்கிய ஈரமும் சூடும் சேர்ந்தால் வேர் அழுகும். தொட்டு அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் வெறும் சுருக்கம், கொழகொழத்தால் அழுகல். சுருக்கம்தான் என்றால் நிழலுக்கு மாற்றி, ஒரு மாலை நேரத்தில் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துவிட்டு, மண் காயும்வரை மறந்துவிடலாம். தானாக உப்பிவிடும்.