ஊட்டிக் குளிரில் துறவி நண்டு: தண்ணீர்க் குட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு பத்து மணிக்கு மேல், மங்கலான வெளிச்சத்தில், வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் ஒரு துறவி நண்டை, அதாவது காலிச் சங்கை முதுகில் சுமந்து வாழும் ஹெர்மிட் கிராபை, பார்த்துக்கொண்டிருங்கள். தொட்டிக்குள் வைத்திருக்கும் தண்ணீர்க் குட்டையின் விளிம்பில் நின்று கொடுக்கின் நுனியை நனைத்து, வாய்க்குக் கொண்டுபோய்ச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். அப்புறம் மெல்ல உள்ளே இறங்கி, சங்கை ஒரு பக்கமாகச் சாய்க்கும். நாலைந்து குமிழிகள் மேலே வரும். சங்குக்குள் இருந்த காற்று வெளியேறித் தண்ணீர் நிறைகிறது.

அந்தத் தண்ணீரைத்தான் அது முதுகில் சுமந்து திரியப்போகிறது. ஓடில்லாத மென்மையான வயிறு அதில்தான் நனைந்திருக்கும். செவுள் காயாமல் இருப்பதற்கும் அதுதான் துணை. ஆகவே குட்டையை வெறும் குடிதண்ணீர்க் கிண்ணமாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நான் சொல்வது தரையில் வாழும் வகையைப் பற்றி. கடலுக்குள்ளேயே வாழும் துறவி நண்டு வேறு. அதற்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. தரை வகைக்கு இரண்டு குட்டைகள் வேண்டும்: ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று கடல் உப்புத் தண்ணீர். இரண்டிலும் மாறி மாறி இறங்கித் தன் சங்குக்குள் எவ்வளவு உப்பு வேண்டும் என்பதை நண்டே சரிசெய்துகொள்ளும். நல்ல தண்ணீரை மட்டும் வைத்தால் அந்த வாய்ப்பு அதற்கு இல்லாமல் போகிறது.

உப்பு என்றதும் அடுக்களையில் இருக்கும் கல் உப்பைக் கரைத்துவிடுகிறவர்கள் நிறைய. கல் உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே என்று தோன்றும். ஆனால் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மிச்சம் நிற்கும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அதோடு போய்விடும். நம் கைக்கு வருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. தூள் உப்பு என்றால் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கூடவே வரும். கடல் மீன் தொட்டிகளுக்கென்று விற்கும் மரைன் சால்ட்தான் சரி. மீன் மருந்தாக விற்கும் அக்வேரியம் சால்ட்டும் இதுவும் ஒன்றல்ல, வாங்கும்போது கவனியுங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள்.

உப்பின் அளவை ஹைட்ரோமீட்டரில் (தண்ணீரில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி) பார்க்கிறவர்களுக்கு மலையில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கருவிகள் பெரும்பாலும் 25 டிகிரி வாக்கில் இருக்கும் தண்ணீருக்கு அளவு குறித்தவை. குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடியது என்பதால், ஊட்டியின் விடியற்காலைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் உள்ளதைவிட அதிக உப்பைக் காட்டும். அதை நம்பித் தண்ணீரைக் கலந்தால் உப்பு குறைந்துபோகும். முதலில் தண்ணீரை வெதுவெதுப்பாக்குங்கள், பிறகு அளந்து பாருங்கள். நாள் போகப்போக உப்புக் குட்டையில் மட்டம் இறங்கினால் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது.

"எங்க ஊர்த் தண்ணிக்கு என்ன குறைச்சல்?" என்று ஊட்டிக்காரர்கள் கேட்போம். பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் குழாயில் வருவது குளோரின் போட்ட தண்ணீர். ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். குளிரில் அது மெதுவாகத்தான் வெளியேறும். மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சில சொட்டுப் போதும், விலையும் அதிகமில்லை. ஊற்றுத் தண்ணீர் பிடிப்பதானால் அது எங்கிருந்து இறங்கி வருகிறது என்று பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்கோ கேரட் தோட்டத்துக்கோ கீழே வரும் ஊற்றில் மருந்து கலந்திருக்கலாம். பூச்சியும் நண்டும் கணுக்காலி இனம். பூச்சியைக் கொல்லும் மருந்து நண்டை விட்டுவைக்காது.

நம் வீடுகளில் எளிதாக நடந்துவிடும் இன்னொரு தவறு செம்பு. செப்புக் குடத்தில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வைத்திருப்போம், அதிலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு குட்டையில் ஊற்றிவிடுவோம். செம்பு நண்டு இனத்துக்கு நஞ்சு. பித்தளைச் சொம்பும் வேண்டாம். குளிருக்குப் பயந்து கீசர் தண்ணீரைப் பிடிப்பதும் வேண்டாம். பல கீசர்களின் உள்ளே செம்புப் பாகங்கள் இருக்கும். கண்ணாடி அல்லது உணவுக்கான பிளாஸ்டிக் டப்பா போதும்.

குளிர்தான் இங்கே பெரிய விஷயம். இந்த நண்டுக்கு 24 முதல் 29 டிகிரி வேண்டும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் வாளித் தண்ணீரில் கை வைத்தாலே விரல் மரத்துவிடும். அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றுவது கொடுமை. மாற்றும் தண்ணீரை முந்தின நாளே கலந்து, பாட்டிலோடு அடுக்களையில் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்து விடுகிறேன். ஊற்றும் முன் வெப்பமானி வைத்து 25 டிகிரி இருக்கிறதா என்று பார்ப்பேன். ஹீட்டிங் பேடைத் தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். பின்பக்கக் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே ஒட்டுங்கள்.

வெளியே மூடுபனி சூழ்ந்திருக்கிறது, ஈரப்பதத்துக்கு என்ன பஞ்சம் என்று நினைத்து மூடியைத் திறந்து வைப்பதும் தவறு. குளிர்ந்த காற்று கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்கும். 10 டிகிரியில் 90 சதவீதம் ஈரமாக இருக்கும் காற்றைத் தொட்டிக்குள் 26 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 33 சதவீதமாக இறங்கிவிடும். நண்டு மூச்சுவிட 75 முதல் 85 வேண்டும். மூடியை மூடி, குட்டை இரண்டையும் நிறைத்து வையுங்கள். அவைதான் உள்ளே ஈரம் தருகின்றன.

ஆழத்துக்கு ஒரே கணக்கு: உங்களிடம் இருக்கும் பெரிய நண்டு சங்கோடு முழுதாக முழுகவேண்டும். சின்ன நண்டு மூழ்கிவிடுமே என்று பயந்து ஆழத்தைக் குறைக்க வேண்டாம். ஏறி வர வழி இல்லாவிட்டால்தான் ஆபத்து. கூழாங்கல் அடுக்கியோ பிளாஸ்டிக் வலையை விளிம்பு வரை சாய்த்தோ வைத்தால் எந்தச் சின்னதும் ஏறிவிடும். வழவழப்பான கிண்ணத்தை வெறுமனே வைக்காதீர்கள். ஸ்பாஞ்சு தேவையே இல்லை, கிருமிதான் சேரும். ஃபில்டர் இல்லாத குட்டையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

கடைசியாக, எனக்கு இன்னும் வலிக்கும் ஒன்று. உப்புக் குட்டையாக வைத்திருந்த டப்பாவின் மூலையில் மயிரிழை விரிசல். மட்டம் இறங்குவதைப் பார்த்து, ஆவியாகிறது என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். அடியில் மணலும் தேங்காய் நார்த்தூளும் சேற்றுக்குழம்பாகிவிட்டன. அந்த இடத்தில்தான் எங்கள் நடுத்தர அளவு நண்டு தோலுரிக்கப் புதைந்திருந்தது. தோலுரிக்கும் நண்டு மண்ணுக்குள் குகைபோல ஓர் இடம் செய்துகொண்டு வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அப்போது அதனால் தப்பி ஓட முடியாது. நாற்றம் வந்த பிறகே எனக்குப் புரிந்தது. இப்போது ஒவ்வொரு டப்பாவையும் ஓர் இரவு முழுக்கச் செய்தித்தாளின் மேல் தண்ணீரோடு வைத்து, தாள் நனையவில்லை என்று தெரிந்த பிறகே தொட்டிக்குள் இறக்குகிறேன். டப்பாவுக்குள் டப்பா என்று இரண்டாக வைத்திருக்கிறேன். தண்ணீர் மாற்றும்போது உள் டப்பாவை மட்டும் எடுப்பேன், வெளி டப்பா மணலில் இருந்த இடத்திலேயே இருக்கும். உள் டப்பாவை எடுத்ததும் வெளி டப்பாவின் அடியைக் கையால் தடவிப் பார்ப்பேன், ஈரம் கசிந்திருக்கிறதா என்று.