ட்ரிகரைக் குறை சொல்வதற்கு முன்: பிஸ்டல் சுடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துத் தோட்டா சுட்டுவிட்டு இலக்குத் தாளை இழுத்துப் பார்த்தால் ஏழெட்டுத் துளை இடது கீழ் மூலையில் குவிந்திருக்கும். வலக்கைக்காரர் என்றால் பெரும்பாலும் அந்த மூலைதான். உடனே வரும் வார்த்தை, ‘இந்த ட்ரிகர் ரொம்பக் கெட்டி.’ அடுத்த வாரம் லேசான ஸ்பிரிங், அடுத்த மாதம் புது ட்ரிகர். துளைகள் மட்டும் அதே மூலையில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ட்ரிகரில் குறையே இருக்காது என்று சொல்ல வரவில்லை. விரலைச் சோதித்த பிறகு பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 160 மி.மீ. உள்ள பிஸ்டலில், சுடும் கணத்தில் முன் சைட் 1 மி.மீ. விலகினால் 15 மீட்டரில் குண்டு சுமார் 94 மி.மீ. தள்ளி விழும். அதே துப்பாக்கி கோணம் மாறாமல் மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால் தாளிலும் வெறும் 5 மி.மீ.தான் நகரும். கை ஆடுவதை இலக்கு மன்னித்துவிடும், கோணம் திரும்புவதை மன்னிக்காது. இதைப் புரிந்துகொள்ளாததால் வருவதுதான் பழக்கத்தில் உள்ள மிகப் பெரிய தவறு: ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருந்து, சைட் கறுப்பு வட்டத்தைக் கடக்கும் நொடியில் ‘இப்போது’ என்று விரலைச் சுண்டுவது. ஆட்டம் ஒருபோதும் முழுசாக நிற்காது. சுண்டிய விரலோ மணிக்கட்டையும் சேர்த்து இழுத்துவிடும். ஆட்டத்தை ஆடவிட்டு, சைட் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு, அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போவதுதான் சரி.

எவ்வளவு நேரம்? மெதுவாகக் குறிபார்த்துச் சுடும்போது எட்டுப் பத்து விநாடிக்குள் குண்டு விடுபடவில்லையென்றால் விரலை எடுத்துவிட்டுக் கையை இறக்குங்கள். அதற்கு மேல் கண் மங்கும், தோள் கனக்கும், ‘எப்படியாவது முடித்துவிடுவோம்’ என்ற அவசரம் வரும். தூக்கிய கையை இறக்க வெட்கப்படுவதால் போகும் புள்ளிகள் கொஞ்சநஞ்சமல்ல.

விரலுக்கு என்ன தெரிய வேண்டும்

ட்ரிகர் என்றதும் எடையை மட்டும் பேசுவது இன்னொரு தவறு. தோட்டாக்கூடான மகசினைக் கழற்றி, பிஸ்டலின் மேல் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னிழுத்து, தோட்டா உட்காரும் இடமான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகு, பத்திரமான திசையில் துப்பாக்கியின் வாயை வைத்து ட்ரிகரை ஆமை வேகத்தில் அழுத்திப் பாருங்கள். முதலில் எதிர்ப்பே இல்லாத ஓட்டம் ஒன்று வரும், அது டேக்-அப். பிறகு சுவரில் முட்டியதுபோல் ஓரிடம். அந்தச் சுவர் சட்டென்று உடைந்தால் நல்லது. உடையாமல் மணலில் கல்லை இழுப்பதுபோல் நறநறவென்று நகர்ந்தால் அது க்ரீப். உடைந்த பிறகும் ட்ரிகர் பின்னால் போகும் தூரம் ஓவர்டிராவல். விரலைத் தளர்த்தும்போது ‘டிக்’ என்று மறுபடி மாட்டுவது ரீசெட்.

‘கெட்டி’ என்று சொல்லப்படும் ட்ரிகர்களில் பல உண்மையில் கெட்டியல்ல, க்ரீப் அதிகம். 2.5 கிலோவில் சுத்தமாக உடையும் ட்ரிகர், 2 கிலோவில் நறநறக்கும் ட்ரிகரைவிடச் சுடுவதற்குச் சுலபம். எங்கே உடையும் என்று விரலுக்குத் தெரியாதபோதுதான் மனம் அவசரப்படுகிறது.

எடையை அளப்பதென்றால் ஒருமுறை அளந்து நம்பிவிடாதீர்கள். ட்ரிகர் ஒரு நெம்புகோல். அளவியின் கொக்கியை நுனியில் மாட்டினால் எடை குறைவாகக் காட்டும், மேலே மாட்டினால் கூடும். உங்கள் விரல் உட்காரும் அதே இடத்தில் மாட்டி, நேர் பின்னால் இழுத்து, பத்துமுறை அளந்து சராசரி எடுங்கள். பத்து அளவும் நெருக்கமாக இருந்தால் ட்ரிகர் ஆரோக்கியமாக இருக்கிறது. ஒன்றுக்கொன்று அரை கிலோ வித்தியாசம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

லேசான ட்ரிகர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டலைப் பார்க்கலாம். ட்ரிகர் எடைக்குக் கீழ்வரம்பே இல்லாத பிரிவு அது. 1980-ல் சோவியத் வீரர் அலெக்சாண்டர் மெலன்தியேவ் எடுத்த 581 புள்ளிகளை முறியடிக்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் தென் கொரியாவின் ஜின் ஜோங்-ஓ எடுத்தது 583. முழுப் புள்ளி 600.

பிடி

காலியாக இருக்கும்போது 700 கிராம் எடையுள்ள பாலிமர் பிஸ்டலின் ட்ரிகர் சுமார் 2.5 கிலோ. துப்பாக்கியின் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் விசையை ஒற்றை விரல் கொடுக்கிறது. மற்ற விரல்கள் அசையாமல் இருக்க வேண்டும். நடப்பதோ வேறு. ஆள்காட்டி விரல் அழுத்தும்போது மற்ற மூன்று விரல்களும் பால் கறப்பதுபோல் சேர்ந்து இறுகும், துப்பாக்கியின் வாய் கீழே சாயும். சுடத் தொடங்கும் முன்பே முழுப் பிடியையும் கொடுத்துவிட்டு, அதற்குமேல் இறுக்காமல் இருப்பதுதான் தீர்வு. இரு கையால் பிடிப்பவர்கள் துணைக்கையை அதிகம் இறுக்கினால் ட்ரிகர் விரல் தளர்வாக வேலை செய்யும்.

விரலை எங்கே வைப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தியல்) ஏற்கெனவே பின்னால் இருக்க, ட்ரிகர் அதை விடுவிக்க மட்டும் செய்யும் லேசான சிங்கிள் ஆக்‌ஷனுக்கு நுனி மெத்தையின் நடு. ட்ரிகரே ஹேமரைப் பின்னிழுத்து விடுவதால் நாலரை, ஐந்து கிலோ இழுக்க வேண்டிய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு முதல் மடிப்பு வரை போகலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: விரலின் பக்கவாட்டுச் சதை பிஸ்டலின் உடலில் உரசினால் ஒவ்வொரு குண்டும் ஒரு பக்கமாகத் தள்ளும். விரலுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று கண்ணாடி முன் பாருங்கள்.

முதல் தோட்டா டபுள் ஆக்‌ஷனிலும் அடுத்தவை சிங்கிள் ஆக்‌ஷனிலும் வெடிக்கும் பிஸ்டல் வைத்திருப்பவர்களில் பலர் ரேஞ்சில் (சுடுதளத்தில்) எப்போதும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னிழுத்தே சுடுவார்கள். கனமான அந்த முதல் இழுப்பு கடைசி வரை பழகாமலே போய்விடும். சோம்பல் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

பயம் எங்கே ஒளிந்திருக்கிறது

சத்தத்துக்கும் உதைப்புக்கும் முந்திக்கொண்டு கை கீழே தள்ளும் பழக்கம் சுடுபவருக்கே தெரியாது, ஏனென்றால் வெடியின் உதறலில் அது மறைந்துவிடும். அதை வெளியே கொண்டுவர வெடிக்காத டம்மி தோட்டாவைப்போல் நேர்மையான சாட்சி கிடையாது. எட்டுத் தோட்டாவில் இரண்டு மூன்று டம்மியைக் கலந்து, மகசினை நிரப்பும் வேலையை இன்னொருவரிடம் கொடுங்கள். டம்மி வரும் முறை ‘க்ளிக்’ சத்தத்தோடு சைட் இரண்டு விரற்கடை கீழே குத்தினால் நோய் தெரிந்துவிட்டது. சைட் அசையாமல் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். காதுச் செருகியும் மேலே காது மூடியும் சேர்த்துப் போட்டாலே பாதிப் பயம் போய்விடும். மூடப்பட்ட ரேஞ்சில் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வெறும் துப்பாக்கியில் பழகும் ட்ரை ஃபயர் இதற்கு மலிவான மருந்து. ஸ்லைடின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் 20 முறை அழுத்துங்கள். ஆனால் விளிம்பில் அடித்தால் வெடிக்கும் தோட்டாவைச் சுடும் .22 ரிம்ஃபயரில் இதை அப்படியே செய்யாதீர்கள். தோட்டா இல்லாதபோது அதை அடிக்க வேண்டிய ஊசி சேம்பரின் விளிம்பிலேயே அடித்துப் பள்ளம் போடக்கூடும்; ஸ்னாப் கேப் என்னும் போலித் தோட்டாவை வைத்துத்தான் பழக வேண்டும். ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலும் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு.

குண்டு போன கணமே விரலை ட்ரிகரிலிருந்து பிடுங்குவதும் இதே குடும்பத்துத் தவறு. வெடித்த பிறகு ஒரு விநாடி விரலைப் பின்னாலேயே வைத்திருங்கள். சைட் எங்கிருந்து எழும்பியது என்று பார்த்து, தாளைப் பார்க்கும் முன்பே ‘மூன்று மணிப் பக்கம் எட்டு’ (கடிகாரத்தில் மூன்று இருக்கும் வலப் பக்கம், எட்டுப் புள்ளி வளையம்) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதும் துளையும் ஒத்துப்போனால் துப்பாக்கி சரி. ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கணத்தில் கண் சைட்டில் இல்லை.

ஒரு நாள் ரேஞ்சில்

200 தோட்டா எரித்துவிட்டு வருவது பயிற்சியாகாது. ஐம்பது அறுபதுக்குப் பிறகு பலருக்கும் கவனம் சிதறும். அதற்குமேல் சுடுவது தவறைத்தான் உறுதிப்படுத்தும். ரேஞ்ச் அனுமதித்தால் 20 ட்ரை ஃபயர், 7 மீட்டரில் நிதானமாக 10, டம்மி கலந்து 20, கடைசியில் 15 மீட்டரில் ஐந்து ஐந்தாக மூன்று தாள். பழக்கம் படியும் முன்பே 25 மீட்டருக்குத் தாளை அனுப்பினால் எந்தத் தவறு எந்தத் துளையைப் போட்டது என்றே பிரிக்க முடியாது.

மூன்று குண்டைப் பார்த்துச் சைட்டைத் திருகாதீர்கள். ஐந்து குண்டுக் கூட்டம் மூன்றும் சிறிதாக, ஒரே பக்கம் தள்ளி விழுந்தால், உடன் சுடும் அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவருக்கும் அங்கேயே விழுந்தால் சைட்டைத் தொடலாம். சிதறினால் கையைப் பாருங்கள். தோட்டாவின் பிராண்டு மாறினாலே விழும் இடம் மாறும் என்பதால் குறிப்பேட்டில் அதையும் எழுதிவையுங்கள்.

தோட்டா வெடிக்காமல் ‘க்ளிக்’ மட்டும் கேட்டால், துப்பாக்கியின் வாயை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கவும் கூடும். வழக்கத்தைவிட மெலிதாக ‘பொத்’ என்று கேட்டால் அதோடு நிறுத்துங்கள். குண்டு குழாயில் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டா குழாயைப் பிளந்துவிடக்கூடும்.

ட்ரிகரில் கைவைப்பது

லேசான ஸ்பிரிங் போட்டால் ஊசியின் அடி மெலிந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். ட்ரிகர் அழுத்தும்வரை ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரைத் தேய்த்து மெருகேற்றுகிறேன் என்று இறங்கினால், ஒருமுறை அழுத்த இரண்டு குண்டு போகலாம், கீழே விழுந்தாலே வெடிக்கலாம். படம் பார்த்துச் செய்யும் வேலையல்ல, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தேர்ந்த ஆர்மரரின் வேலை. போட்டிக்குப் போகிறவர்கள் விதிமுறை எடையைத் தொட்டுக்கொண்டு நிறுத்துவதும் வம்புதான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். குழாயை மேல்நோக்கி நிறுத்தி, ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். 500-க்குச் சரியாக வைத்தால் சற்றுத் தேய்ந்ததும் தோற்கும். 510, 520-ல் வைப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

எந்த வேலையும் செய்யாமலே ட்ரிகர் ஒருநாள் திடீரென்று லேசாகிவிட்டதுபோலத் தோன்றினாலோ, ஓர் அழுத்தத்துக்கு இரண்டு வெடித்தாலோ, ‘இன்னொரு தரம் பார்ப்போம்’ என்று தோட்டா போடாதீர்கள். மகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, ஸ்லைடைத் திறந்த நிலையில் மேசையில் வைத்துவிட்டு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.