ஜே.பி. சீல் குத்தினால் காணி கைமாறாது: வன்னியில் ஒப்பந்தம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காணிப் பிணக்கோடு வருபவர்கள் நீட்டும் தாள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். சீ.ஆர். கொப்பியில் கிழித்த ஒற்றை, ஒட்டிய முத்திரையின் மேல் ஏறிய கையெழுத்து, கீழே சமாதான நீதவானின் (ஜே.பி.) சீல், பக்கத்தில் கிராம சேவையாளரின் ஒப்பம். இடம்பெயர்ந்த போதெல்லாம் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றி வைத்திருப்பார்கள். வாங்கியவர் முழுப் பணமும் கொடுத்திருப்பார். விற்றவருக்கு ஏமாற்றும் எண்ணமே இருந்திருக்காது. என்றாலும் அந்தத் தாளால் காணி கைமாறவில்லை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணியை விற்பது, ஈடு வைப்பது, வீட்டையோ கடையையோ ஒரு மாதத்துக்கு மேல் குத்தகைக்குக் கொடுப்பது எல்லாமே உறுதி எனப்படும் காணிப் பத்திரம் எழுத உரிமம் பெற்ற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் சேர்ந்திருக்க எழுதி ஒப்பமிட்டால்தான் சட்டத்தில் நிற்கும். ‘பிறகு உறுதி முடித்துத் தாறன்’ என்று எழுதிக் கொடுப்பதற்கும் இதே விதிதான். ஜே.பி. ஒப்பம் சத்தியக் கடதாசிக்குச் சரி, உறுதிக்கு உதவாது. இப்படி எழுதியதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, ஆனால் அதை வைத்துக் காணியைத் தா என்று வழக்காட முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கும் பொதுவாக 3 வருடக் காலவரையறை உண்டு. ‘சொந்தக்காரன்தானே, ஆறுதலாகப் பார்ப்பம்’ என்று இருப்பவர்கள் அந்தப் பணத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

பெர்மிட் காணியில் சிக்கல் இன்னும் பெரிது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை நம்பிக் குடியேறிய பலரிடம் இருப்பது உறுதி அல்ல. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரமோ (பெர்மிட்) அளிப்போதான் (கிராண்ட்). பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இதைக் கைமாற்றினால் செல்லாது. நொத்தாரிசைக் கொண்டு எழுதினாலும் செல்லாது. இதைத் தெரியாமல் வாங்கி, கிணறு வெட்டி, தென்னை வைத்து, கல்வீடும் கட்டிய பிறகு விற்றவர் கண்ணை மூடிவிடுவார். தனக்குப் பின் காணி சேர வேண்டிய பின்னுரித்தாளராக அவர் பதிந்த மகன் பிரதேச செயலகத்தில் உரிமை கேட்டு நிற்பார். ‘பத்து வருஷம் ஆண்டாச்சு, இனி எங்கட காணி’ என்ற பேச்சு தனியார் காணியில் எடுபடலாம், அரச காணியில் எடுபடாது. ஆகவே அட்வான்ஸ் என்று ஒரு ரூபாயாவது கொடுக்கும் முன் பெர்மிட்டின் மூலப் பிரதியோடு பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய், யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்து யாருக்கு, கைமாற்ற அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பாருங்கள்.

யார் ஒப்பமிடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையின் பெயரில் உள்ள காணியை நீதிமன்ற அனுமதி இல்லாமல் மாமாவோ பெரியப்பாவோ விற்றால் அந்த விற்பனையை நம்பாதீர்கள். வெளிநாட்டில் இருந்து அட்டோர்னி (தன் சார்பில் ஒப்பமிடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் அன்றோடு முடிகிறது.

வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். கணவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் காத்திருக்கும் பெண்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில் இது பெரும் அநீதி, மாற்றப்பட வேண்டிய சட்டம். ஆனால் மாறும்வரை அதைத் தாண்டி எழுதிய உறுதி நிற்காது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க அதே சட்டம் இடம் தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

இதுவரை சொன்னவை எழுதிய விதத்தாலோ எழுதியவராலோ செல்லாமல் போனவை. நோக்கமே குற்றமாக இருக்கும் ஒப்பந்தங்கள் வேறு. அரச வேலை எடுத்துத் தருவதாகக் கைமாறிய லஞ்சம், படகிலோ கள்ளப் பாஸ்போர்ட்டிலோ அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசு, அனுமதி இல்லாமல் மணலோ முதிரை மரமோ ஏற்றித் தரப் பேசிய பேச்சு எல்லாம் இந்த வகை. இதை நொத்தாரிசு எழுதினாலும் பயனில்லை. ‘கடன் வாங்கினேன்’ என்று புரோநோட்டு எழுதி மறைத்தாலும், உண்மை வெளிவந்தால் நீதிமன்றம் பொதுவாக இரு தரப்புக்கும் கை கொடுக்காது. நகையை விற்று ஏஜென்சிக்குக் கட்டிய குடும்பங்கள் இப்படித்தான் நடுத்தெருவில் நிற்கின்றன. முறையான வெளிநாட்டு வேலை என்று நம்பவைத்து அனுமதிப்பத்திரம் இல்லாத முகவர் ஏமாற்றியிருந்தால் கதை வேறு. அப்போது குற்றவாளி அவர்தான், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் பொலிஸிலும் தயங்காமல் முறையிடுங்கள்.

கடைசியாக, வட்டிக் கடன். தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வைக்காதீர்கள். 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி உண்மையில் கொடுத்த தொகை, முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றும் நோட்டில் தெரிய வேண்டும். தொகையை வெறுமையாக விட்டு நோட்டு வாங்குவது கடன் கொடுப்பவரின் குற்றம். வழக்குப் போட்டாலும் முதல் தொகைக்கு மேலாக வட்டி அறவிட முடியாது. 50,000 ரூபாய் வாங்கினால் வட்டியாக நீதிமன்றம் தீர்க்கக்கூடிய உச்சம் இன்னொரு 50,000தான். நோட்டில் ஒப்பமிட்ட உடனே, அதைக் கொடுப்பதற்கு முன், இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தவணை கட்டும் ஒவ்வொரு தடவையும் திகதியோடு துண்டு கேட்டு வாங்குங்கள்.