குழந்தைக்கு ஸ்கீ (பனிச்சறுக்கு) ஹெல்மெட்: "வலிக்குது" என்ற அழுகையை நிறுத்தியது எப்படி

"அடுத்த வருஷமும் ஆகும்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, உள்ளே கம்பளிக் குல்லா போட்டு நிரப்பினோம். தவறு அங்கேதான். குல்லா வழுக்கி ஹெல்மெட் பின்னால் சரிந்தது, நெற்றி முழுக்கத் திறந்துவிட்டது.

தையல் டேப்பைப் புருவத்துக்கு 2 செ.மீ. மேலே வைத்து, பின்மண்டை புடைத்த இடத்தைச் சுற்றி அளந்தோம்: 51 செ.மீ. அதனால் 48–52 சைஸ். பின்பக்கத் திருகை முழுக்கத் தளர்த்தி மாட்டி, பிறகு மெதுவாக இறுக்கவும். தாடை வாரைப் பூட்டாமலே தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் சரி. வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழையணும், அவ்வளவுதான். தாடைத் தோல் கொக்கியில் ஒருமுறை கடிபட்டால் பிள்ளை மறுபடி தொடவே விடாது. காந்தக் கொக்கி நல்லது.

பனிச்சறுக்குக் கண்ணாடியையும் (காகிள்ஸ்) கடைக்கே கொண்டுபோங்கள். ஹெல்மெட் அதைக் கீழே அழுத்தினால் மூக்கு அடைபடும்.

கால் மணி நேரம் போட்டுவைத்துக் கழற்றினால், நெற்றியில் ஒரே புள்ளியில் சிவப்புத் தடம் தங்குகிறதா? தலை வடிவத்துக்கு அது பொருந்தவில்லை. வேறு மாடல் பாருங்கள். உள்ளிருக்கும் வெள்ளைத் தெர்மோகோலைச் சுரண்டவே கூடாது, அடியைத் தாங்குவது அதுதான்.

லேபிளில் ஈ.என். 1077 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப்2040 என்ற பாதுகாப்புத் தரக் குறியீடு இருக்கணும். பழையது வேண்டாம்; உள் விரிசல் வெளியே தெரியாது.